ஆமையா, அமீனாவா?

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம் பக்கத்துப் பழமொழி.

அமீனாவைப் பற்றி நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடன் கட்ட முடியாத விவசாயியின் வாசலில் அவன் வந்து நின்றிருக்கிறான். பாவு நூலுக்கு வாங்கிய பணம் திரும்பாதபோது நெசவாளியின் வீட்டுக்குள் புகுந்திருக்கிறான். அண்டா, குண்டான், கறவை மாடு என்று ஜப்தி செய்து கொண்டுபோயிருக்கிறான். அவன் புகுந்த வீடு உருப்படவில்லை, உண்மைதான்.

ஆனால் ஆமை என்ன செய்தது? எந்த ஆமை எந்தக் குடியைக் கெடுத்தது? யாருடைய நிலத்தைப் பறித்தது? யாருக்குக் கூலி பாக்கி வைத்தது? ஒரு பாவமும் அறியாத பிராணியை அமீனாவோடு ஒரே மூச்சில் சேர்த்துத் திட்டிவிட்டோம். அமீனாவை அனுப்பியவனோ பழமொழியில் எங்குமே இல்லை, அவன் தப்பித்துக்கொண்டான்.

இந்தப் பழமொழியில் நடந்த தவறு இன்று நம் கடற்கரையிலும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சமீபத்தில் திருத்தணிப் பக்கம் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். கரும்பு வெட்டும் தோழர் ஒருவர் உடனே கேட்டார்: “ஏன் தோழரே, நம்ம ஊர்ல இருக்கிறது மலை. உப்புத் தண்ணி எங்கேயோ கெடக்குது. கடலாமை செத்தா நமக்கு என்ன? கூலியைப் பத்திப் பேசுங்க.”

நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2025 ஜனவரியில் நடந்தது என்ன?

2025 ஜனவரி மாதத்தில் சென்னைக் கடற்கரையிலும் அதன் வடக்கிலும் தெற்கிலும் செத்த ஆமைகள் கரை ஒதுங்கின. ஒன்றல்ல, பத்தல்ல. மாதம் முடிவதற்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. பிணங்களை அறுத்துச் சோதித்தபோது பல ஆமைகள் மூச்சு முட்டிச் செத்தது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது.

கடலிலே வாழும் ஆமை தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகுமா? சாகும். ஆமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. நம்மைப்போல நுரையீரல்தான். நீந்தும்போது அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் நீண்ட நேரம் கிடந்தால் அதற்கு முடிவுதான்.

இந்த ஆமைக்கு நம் கடலோர மக்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. நாற்பது, ஐம்பது கிலோ எடை இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பெண் ஆமை இரவு நேரத்தில் கரையேறி, பின்னங்கால்களால் மணலில் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். வெய்யிலின் சூட்டில் 45 முதல் 55 நாட்களில் குஞ்சு பொரியும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம். குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆயிரம் குஞ்சு கடலுக்குப் போனால் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று சொல்வார்கள். அப்படித் தப்பிப் பிழைத்து வளர்ந்த தாய் ஆமைதான் முட்டையிட வந்து வலையில் செத்தது. ஒரு தாய் செத்தால் எத்தனை வருஷத்து முட்டை போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பழி யார் தலையில்?

ஆமை செத்ததும் எங்கும் ஒரே குரல்: “மீனவர்களுக்கு அறிவு இல்லை. அவர்களுக்கு விழிப்புணர்ச்சி ஊட்ட வேண்டும்.”

எந்த மீனவர்களுக்கு? ‘மீனவர்’ என்று ஒரே வார்த்தையில் எல்லோரையும் அடக்கிவிடலாமா? மில் முதலாளியையும் மில் தொழிலாளியையும் ‘மில்காரர்கள்’ என்று ஒன்றாகச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

கடலிலும் வர்க்கம் உண்டு. கட்டுமரமும் ஃபைபர் படகும் வைத்துக் கரையோரத்தில் தொழில் செய்பவன் ஒருவன். பெரிய விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரன் இன்னொருவன். அந்த விசைப்படகில் பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளி மூன்றாமவன். இழுவை வலையைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது விசைப்படகு. இறாலோடு சேர்த்துக் குஞ்சு மீன், சினை மீன், ஆமை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவது அந்த வலைதான்.

படகில் இருக்கும் தொழிலாளி ஆமையின் எதிரியா? அவன் முன்பணம் வாங்கியவன். கரும்பு வெட்டும் தோழர்களுக்கு இது புரியும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் அவன் சொன்ன வயலில், சொன்ன நேரத்தில் இறங்கத்தானே வேண்டும்? கடலிலும் அதே கதைதான். டீசல் செலவும் ஐஸ் செலவும் போக மிஞ்சுவதில்தான் பங்கு. பிடிபாடு இல்லாவிட்டால் பங்கும் இல்லை. ஆழ்கடலுக்குப் போனால் டீசல் எரியும். கரையோரத்தில் இழுத்தால் இறால் கிடைக்கும். கணக்குப் போடுபவன் கரையில் இருக்கிறான். ஆமையைக் கொன்ற பழி மட்டும் படகில் இருப்பவன் தலையில் விழுகிறது.

சிறு மீனவனின் வலையிலும் ஆமை மாட்டுவதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் ஆமையை விடுவிக்க வேண்டுமானால் பல சமயங்களில் வலையை அறுக்க வேண்டும். வலை அவனுடைய முதல், அவனுடைய சோறு. அவனிடம் போய் ஜீவகாருண்யம் பேசினால் போதுமா? அறுந்த வலைக்கு யார் பணம் கொடுப்பது? மகாராஷ்டிர சர்க்கார் 2018ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வலையில் சிக்கிய ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் திட்டம் அது. இதுதான் பேச வேண்டிய பேச்சு. நம் கரையில் வலை அறுத்த ஒவ்வொரு மீனவருக்கும் இழுத்தடிக்காமல் நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும்.

ஆமையின் சட்டமும் ஏழையின் சட்டமும்

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமையைக் காக்கிறது. அதைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றம். ஆனால் ஆமையை மெய்யாகக் காப்பாற்றக்கூடிய இன்னொரு சட்டம் உண்டு. அதில் மூலகாரணமாக இருந்தது ஆமையல்ல, மனிதன்.

1970களில் சென்னையிலும் மற்றக் கரைகளிலும் கட்டுமரத் தொழிலாளர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் பெரிய மோதல்கள் நடந்தன. “எங்கள் வலையை அறுத்துக்கொண்டு, எங்கள் கரையோர மீனை வாரிக்கொண்டு போகிறாயே!” என்று ஏழை மீனவன் எழுந்து நின்றான். அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையோரக் கடல் சிறு மீனவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் வலை இழுக்கக் கூடாது என்பது இன்றைய விதி.

பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் கூடுவது எங்கே? அந்தக் கரையோரக் கடலில்தான்! கட்டுமரக்காரன் தன் வயிற்றுக்காகப் போராடிப் பெற்ற எல்லைக்கோடுதான் ஆமைக்கும் உயிர்க்கோடு. அந்த விதியை ஒழுங்காக அமல் செய்தால் ஏழை மீனவனுக்கு மீன் கிடைக்கும், ஆமையும் பிழைக்கும். விதியை மீறினால் இருவரும் சேர்ந்துதான் அழிவார்கள். ஆமையும் ஏழையும் எதிரிகள் என்று சொல்பவன் இந்த உண்மையை மறைக்கிறான்.

வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது மீன் இனவிருத்திக்காக வைத்தது. ஆமை வருவதோ ஜனவரியில். தடைக்காலம் தொடங்கும்போது ஆமையின் பருவம் முடியப் போகிறது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை அந்த 5 மைல் விதியை ரோந்துப் படகு விட்டுக் காவல் செய்தால்தான் பயன் உண்டு. காகிதத்தில் இருக்கும் விதி, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பண்ணையாரின் மேஜையில் கிடக்கிற மாதிரிதான்.

இன்னொரு வழியும் உண்டு. இழுவை வலையின் கழுத்தில் கம்பிகள் பொருத்திய ஒரு சட்டம் வைப்பது. இறால் கம்பிக்கு நடுவே புகுந்து மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் கடலுக்கு ஏற்றபடி இதை அமைத்துக் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் மீனும் தப்பிவிடும் என்பதால் படகுச் சொந்தக்காரர்கள் மாட்ட மறுக்கிறார்கள்.

அதன் விளைவு என்ன? 2019ல் அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்க மறுத்துவிட்டது. வலையில் ஆமைக் கதவு இல்லை என்பது காரணம். அமெரிக்க முதலாளிக்கு ஆமை மேல் அவ்வளவு கருணையா என்று ஏமாற வேண்டாம். தங்கள் இறால் வியாபாரத்தைக் காக்கும் கணக்கும் அதில் உண்டு. ஆனாலும் மார்க்கெட் போனதும் இறாலின் விலை இறங்கியது யார் தலையில்? பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளி தலையில்! சர்க்கார் செலவில் கதவு மாட்டு, தப்பிய மீனுக்கு ஈடாகத் தொழிலாளியின் பங்கைக் குறைக்காதே என்று கேட்பதுதான் தொழிலாளியின் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

யார் ஆசிரியர், யார் மாணவர்?

மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

சென்னையில் 1970களின் தொடக்கத்திலேயே சில இளைஞர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக் குழிகளைத் தேடத் தொடங்கினார்கள். 1988ல் மாணவர்கள் சேர்ந்து ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பருவம் முழுவதும் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். பொது ஜனங்களையும் தங்களோடு நடக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் வாங்காமல் செய்த வேலை இது. பாராட்ட வேண்டிய வேலை. 2002ல் நீலாங்கரையில் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவக் கிராமத்து இளைஞர்களையே காவலுக்குச் சேர்த்தது. இது இன்னும் ஒரு படி மேல்.

உலகத்திலும் இதுதான் அனுபவம். பிரேசிலில் 1980ல் தொடங்கிய தாமார் திட்டத்தில், முன்பு ஆமை முட்டையைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த மீனவர்களையே கூலி கொடுத்துக் காவலர்களாக ஆக்கினார்கள். கரையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? கோஸ்டாரிகாவில் ஒஸ்தியோனல் என்ற கிராமத்தில் ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயம் கரையேறும். முதலில் இட்ட முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே தோண்டிக் கெடுத்துவிடும். ஆகவே முதல் நாட்களின் முட்டைகளில் ஒரு பங்கைக் கிராம மக்கள் எடுத்து விற்கச் சட்டமே இடம் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் கரையைச் சுத்தம் செய்து, குஞ்சுகளைக் காக்கிறார்கள்.

மாறாக, மக்களைத் தள்ளிவைத்துச் செய்தால் என்ன ஆகும்? ஒரிசாவில் ஆமைக்காக நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம், கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை தடை. முக்கியமான ஆமைக் கரைகளில் சிறு மீனவனும் இந்தத் தடையில் அடிபட்டான். பசித்த மீனவன் ஆமையைச் சபிக்காமல் என்ன செய்வான்? 2004ல் பாரம்பரிய மீனவர் சங்கமும் ஆமைப் பாதுகாவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒரு பொது மேடை அமைத்த பிறகுதான் “ஆமையும் வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும்” என்ற பேச்சு எழுந்தது. ஐக்கியம்தான் பாடம். உபதேசம் பாடமல்ல.

மேலும் ஒன்று. ஏழை மீனவனுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் துறைமுக முதலாளிக்கு எத்தனை வகுப்பு எடுத்தார்கள்? நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018ல் அதை அதானி கம்பெனி வாங்கியது. 330 ஏக்கரில் இருந்ததை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டது. பழவேற்காட்டு மீனவ மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். கடலைத் தூர்த்தால் வடக்கே மணல்கரை அரித்துப் போகும் என்று அனுபவத்தில் சொன்னார்கள். மணல்கரை போனால் மீனவன் வலை உலர்த்துவது எங்கே? ஆமை முட்டையிடுவது எங்கே? அந்த மீனவர்கள்தான் இந்தக் கரையின் உண்மையான ஆசிரியர்கள்.

திருத்தணிக்கு என்ன வேலை?

இப்போது கரும்பு வெட்டும் தோழரின் கேள்விக்கு வருகிறேன்.

முதலாவது, பழவேற்காடும் திருத்தணியும் ஒரே ஜில்லா. அங்கே போராடுகிறவன் வேற்று நாட்டான் அல்ல.

இரண்டாவது, நம் ஊரைத் தொட்டு ஓடும் நந்தியாறு கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கொசஸ்தலை எண்ணூரில் கடலில் கலக்கிறது. திருவிழா முடிந்ததும் கடைவீதியில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகள் மழை வெள்ளத்தில் எங்கே போகின்றன என்று நினைத்தீர்கள்? கடலில் மிதக்கும் பையை ஆமை ஜெல்லிமீன் என்று எண்ணித் தின்றுவிடுகிறது. உப்புத் தண்ணியை நாம் பார்க்காமல் இருக்கலாம். நம் குப்பை பார்த்துவிட்டது.

மூன்றாவது, நம்மிடம் இருப்பது கூட்டம். டிசம்பர் 31ந் தேதி இரவு படித் திருவிழாவில் 365 படிகளிலும் ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். அடுத்த நாள் ஜனவரி பிறக்கிறது. ஆமையின் பருவமும் பிறக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள். இவ்வளவு ஜனங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேறு எந்த இடம் வேண்டும்?

நம் சங்கங்கள் அடுத்த படித் திருவிழாவில் அடிவாரத்தில் ஒரு பந்தல் போடட்டும். வெளியூரிலிருந்து பேராசிரியரைத் தேட வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவரையும், மீன் விற்கும் ஒரு தாயையும், காசிமேட்டிலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளியையும் அழைப்போம். அவர்கள் தங்கள் வாயால் சொல்லட்டும். ஆமையைப் பற்றியும் சொல்லட்டும், பங்கைப் பற்றியும் சொல்லட்டும். துண்டுப் பிரசுரம் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் இங்கே இரண்டு பாஷையும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. காசிமேட்டுப் படகுகளில் ஆந்திரத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். ஆமையோ எல்லைக்கல்லை அறியாது. இரண்டு ராஜ்யத்துக் கரையிலும் முட்டையிடுகிறது.

திருவாலங்காடு சர்க்கரை ஆலைத் தோழர்களும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைத் தறித் தொழிலாளர்களும் ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். 5 மைல் விதியை அமல் செய்! ஆமைக் கதவைச் சர்க்கார் செலவில் மாட்டு! அறுந்த வலைக்கு நஷ்ட ஈடு கொடு! இந்த மூன்றே வரி போதும்.

“இதனால் நம் கூலி உயருமா?” என்று அந்தத் தோழர் மறுபடியும் கேட்கக்கூடும். நாளைக்கே உயராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கூலிக்காக நிற்கும்போது, “கரும்பு வெட்டுகிறவனுக்கும் எங்களுக்கும் என்ன?” என்று மீனவன் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? இன்று நாம் கடலோரத்தானின் பக்கம் நின்றால் நாளை அவன் மலையடிவாரத்துக்கு வருவான். தொழிலாளியின் பலம் அப்படித்தான் சேர்ந்திருக்கிறது.

பழமொழியைத் திருத்துவோம் தோழர்களே. ஆமை புகுந்த கரை கெட்டதில்லை. ஆமை வராத கரையில்தான் மீனவனும் பிழைக்க முடியாமல் போகிறான். குடியைக் கெடுப்பது அமீனாவும், அவனை அனுப்பியவனும்தான். நம் பிள்ளைகளுக்கு முதலில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்போம்.